கரீபியனில் படகுக்கு இன்சூரன்ஸ்: ஜூலை முதல் தேதி எங்கே இருப்பீர்கள்?

எங்கள் படகில் இன்ஜின், பாய், நங்கூரம் எல்லாம் என் கணவர் பொறுப்பு. காகிதம் எல்லாம் என் பொறுப்பு. டொரான்டோவில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். சின்ன எழுத்தில் இருப்பதை முதலில் படிக்கும் பழக்கம் அங்கே வந்ததுதான். 2018-ல் கிரெனடாவில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினோம். 1996-ல் கட்டியது, நாற்பது அடி, ஒற்றைப் பாய்மரம். டிசம்பர் தொடங்கி மே வரை அதிலேயே தங்கித் தீவு தீவாகப் போவோம். மழைக்காலம் நெருங்கும்போது படகை எங்காவது பத்திரமாக விட்டுவிட்டு ஊர் திரும்புவோம்.

அந்த "எங்காவது பத்திரமாக" என்ற இரண்டு வார்த்தைக்குள்தான் படகு இன்சூரன்ஸின் முக்கால்வாசி இருக்கிறது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாலிசி தேடுவதற்கு முன்னால், புயல் மாதங்களில் படகு எந்த ஊரில், எப்படிக் கட்டப்பட்டு, யார் பார்வையில் நிற்கும் என்பதை முடிவு செய்யுங்கள். அந்தத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாலிசி தேடுங்கள். நாங்கள் முதல் மூன்று வருடம் இதைத் தலைகீழாகச் செய்தோம். விலை குறைவான பாலிசியை வாங்கிவிட்டு, அது சொன்ன இடத்துக்குப் படகைக் கொண்டுபோக ஓடினோம். 2021-ல் ஓடி முடிக்க முடியவில்லை.

அந்த வருடம் எங்கள் பாலிசியில், ஜூலை 1 முதல் அக்டோபர் 31 வரை படகு 12 டிகிரி 40 நிமிடம் வட அட்சரேகைக்குத் தெற்கே இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. ஜூன் கடைசியில் நாங்கள் செயின்ட் வின்சென்டுக்குப் பக்கத்துத் தீவான பெக்கியாவில் இருந்தோம். இன்ஜினோடு ஓடி பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் எரிந்துபோய், புதியது சுங்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் வந்துவிடும், இரண்டு நாளில் வந்துவிடும் என்று காத்திருந்தோம். ஜூலை 2-ஆம் தேதி எல்சா புயல் வந்தது. பார்படோஸ் பக்கம் ஹரிக்கேனாக வலுத்து, செயின்ட் வின்சென்ட் பக்கமாகக் கடந்துபோனது. எங்கள் நங்கூரம் பிடித்துக்கொண்டது. பக்கத்துப் படகின் நங்கூரம் விட்டுவிட்டது. அது வந்து எங்கள் பின்பக்கம் மோதியதில் எஃகுக் கைப்பிடிச் சட்டம் வளைந்தது, இரண்டு சோலார் பேனல் நொறுங்கின, சுக்கான் இடுக்கில் விரிசல் விழுந்தது. செலவு ஆறாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல். மோதிய படகுக்கு இன்சூரன்ஸே இல்லை. எங்கள் கம்பெனி கேட்டது ஒரே கேள்வி: ஜூலை 2 அன்று படகு எங்கே இருந்தது? பெக்கியா சரியாக 13 டிகிரியில் இருக்கிறது. ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல். இருபது மைல் வடக்கே இருந்தோம், ஒரு காசு வரவில்லை. எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. கையெழுத்துப் போட்டது நான்.

சரி, இந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் கம்பெனிகளோடு பேசுவது எளிது. அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நான் நாகப்பட்டினத்தில் பிறந்தவள். 1977 நவம்பர் புயலில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தபோது எனக்கு எட்டு வயது. எங்களுக்குப் புயல் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். இங்கே ஆவணியும் புரட்டாசியும் உச்சம். அதுவும் செப்டம்பர் இரண்டாம் வாரம் மிக மோசம். கிரெனடா புயல் பாதைக்குத் தெற்கே இருக்கிறது என்று படகுக்காரர்களும் கம்பெனிகளும் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 2004 செப்டம்பர் 7-ல் ஐவன் நேராக கிரெனடாவில் அடித்தது. தீவில் 39 பேர் இறந்தார்கள். யார்டுகளில், அதாவது படகைக் கரையேற்றி நிறுத்தும் இடங்களில், நிறுத்திவைத்த படகுகள் ஒன்றை ஒன்று தள்ளி வரிசையாகச் சாய்ந்தன. 2017 செப்டம்பர் 6-ல் இர்மா செயின்ட் மார்ட்டினையும் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளையும் அழித்தது. டார்ட்டோலாவில் பராக்கிட்டா பே என்ற காயல் புயலுக்கு நல்ல ஒதுங்கிடம் என்று பெயர் வாங்கியது. வாடகைப் படகுகளை அங்கே நெருக்கமாகக் கட்டிவைத்திருந்தார்கள். அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்தன. இரண்டு வாரத்தில் மரியா. 2019-ல் பஹாமாஸின் அபாகோ தீவுகளில் டோரியன். இதற்குப் பிறகு நிறைய கம்பெனிகள் கரீபியனை விட்டே போய்விட்டன. மிச்சம் இருப்பவர்கள் விலையை ஏற்றினார்கள், கேள்விகளையும் ஏற்றினார்கள்.

அந்தக் கோட்டை நம்பி அதன் ஓரத்தில் படுத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்கு 2024 ஒரு சாட்சி. ஜூலை 1 அன்று பெரில் புயல் மணிக்கு 240 கிலோமீட்டர் காற்றோடு கரியக்கூ தீவைத் தாக்கியது. கரியக்கூ 12 டிகிரி 29 நிமிடத்தில் இருக்கிறது; பல பாலிசிகளின் கணக்கில் "பாதுகாப்பான தெற்கு". அந்தத் தீவின் டைரல் பே விரிகுடாவில் கண்டல் (அலையாத்தி) காட்டுக்குள் ஒதுங்கிய படகுகளில் பலவும் நாசமாயின. இன்னும் தெற்கே டொபாகோவை 1963-ல் ஃப்ளோரா புரட்டிப் போட்டிருக்கிறது. அந்தக் கோடு கம்பெனி தன் நஷ்டக் கணக்குக்காக வரைந்த கோடு. அதற்குத் தெற்கே போய்விட்டால் பாலிசி செல்லும், அவ்வளவே. படகு பிழைக்குமா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனியாக விடை தேட வேண்டும்.

திட்டம் போடும்போது உங்கள் முன்னால் இருக்கும் வழிகள் அதிகம் இல்லை. வடக்கே ஏறி அமெரிக்கக் கிழக்குக் கரையில் செசபீக் விரிகுடா வரை போய்விடலாம். தெற்கே இறங்கி கிரெனடா, டிரினிடாட், அல்லது மேற்கே போனேர், குராசாவ் போகலாம். குவாத்தமாலாவின் ரியோ டுல்சே ஆற்றுக்குள் புகுந்துகொள்வோரும் உண்டு. பனாமாவைப் புயல் அநேகமாகத் தொடுவதில்லை, ஆனால் இடி மின்னல் கடுமை. அங்கே போகிறவர்கள் பாலிசியில் மின்னலுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெனிசுவேலா கடலைப் பெரும்பாலான பாலிசிகள் வெளியே தள்ளிவிடும். எந்த வழியானாலும் படகைத் தண்ணீரிலேயே விடுவதா, கரையேற்றிக் கட்டுவதா என்ற கேள்வி அடுத்து வரும். கரையேற்றிக் கட்டுவதற்கு விலை குறைத்துத் தருகிறார்கள். என் அனுபவத்தில் நிம்மதியும் அதில்தான்.

நாங்கள் 2022 முதல் டிரினிடாட்டின் சகுவாராமஸில் ஏற்றுகிறோம். அட்சரேகை 10 டிகிரி 41 நிமிடம். இன்னொரு காரணமும் உண்டு. காலையில் தெருவோரத்தில் விற்கும் டபிள்ஸ் என்ற பொரித்த ரொட்டியில் கொண்டைக்கடலையும் மாங்காய்ச் சட்னியும் வைத்துத் தருவார்கள். அதை விற்ற அம்மா என் நெற்றியைப் பார்த்துவிட்டு, தன் பாட்டி வழியில் தாங்களும் "மதராஸி" என்றார். 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக வந்தவர்களில் மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்களும் இருந்தார்கள். அவரிடம் தமிழ் ஒரு சொல்லும் மிச்சமில்லை, மாரியம்மன் பெயர் மட்டும் இருந்தது. அந்த ஊரில் படகை விட்டுவர எனக்கு மனம் ஒப்பியது.

திட்டம் முடிவானால் அடுத்தது சர்வே. பழைய படகுக்கு இது இல்லாமல் யாரும் விலையே சொல்ல மாட்டார்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்த்து எழுதிய அறிக்கையாக இருக்க வேண்டும். எத்தனை வருடம் பழையதாக இருக்கலாம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எங்களிடம் மூன்று வருடத்துக்கு உட்பட்டது கேட்டார்கள். படகு வாங்கும்போது எடுத்த சர்வே இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அப்புறம், சர்வேயரை நியமிக்கும் முன் அவர் பெயரை கம்பெனிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஒப்புதல் இல்லாதவர் எழுதிய அறிக்கைக்கு இரண்டாம் முறை பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் சர்வேயர் வந்த காலை நன்றாக நினைவிருக்கிறது. கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியல். முன்மூக்கிலிருந்து தொடங்கி, ஒரு சாண் இடைவெளி விட்டு, படகின் அடியைத் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக் என்று கெட்டியான சத்தம். சுக்கானுக்கு வந்ததும் சத்தம் மாறியது, உள்ளே கூடாக இருப்பதுபோல ஒரு மந்தமான "டொப்". அங்கே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, மேலும் கீழும் நாலு தடவை தட்டினார். பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். ஈரம் பார்க்கும் கருவியை வைத்ததும் முள் ஓரத்துக்கே போய்விட்டது. எல்சாவின்போது விழுந்த விரிசலைச் சரிசெய்துவிட்டோம் என்று நினைத்திருந்தோம். உள்ளே தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. பிறகு உள்ளே வந்து, பாய்மரத்தின் பக்கக் கம்பிகளைப் படகோடு பிடித்திருக்கும் எஃகுப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார். வெளியே பளபளவென்று இருந்த ஒன்று, தளத்துக்குள் புதைந்திருந்த பகுதியில் துரு அரித்துக் காகிதம்போல ஆகியிருந்தது.

அவர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பதினாறு சிபாரிசுகள். இந்தப் பக்கம்தான் கம்பெனிக்கு முக்கியம். அவர்கள் பாலிசியோடு ஒரு நிபந்தனை வைப்பார்கள்: இவற்றைச் செய்து முடித்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். செய்யாமல் கையெழுத்துப் போட்டால், பிரீமியம் கட்டியும் பாலிசி இல்லாத நிலைதான். நான் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம், ரசீது என்று சேர்த்து, சர்வேயரின் வரிசை எண்ணையே போட்டு அனுப்பினேன். பாய்மரக் கம்பிகளின் வயதையும் கேட்பார்கள். பத்து வருடத்தைத் தாண்டினால் பல இடங்களில் மாற்றச் சொல்வார்கள், அல்லது பாய்மரத்துக்குக் காப்பு இல்லை என்று எழுதுவார்கள். கம்பி மாற்றிய ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

இதோடு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். எந்த வருடம் எந்தப் படகில், எத்தனை அடி நீளம், எங்கிருந்து எங்கே, எத்தனை கடல் மைல், அதில் தலைமையாகப் போனது எவ்வளவு. சான்றிதழ் இருந்தால் நகல். முந்தைய விபத்து, க்ளெய்ம் எல்லாம் மறைக்காமல். கடல் இன்சூரன்ஸில் ஒரு பழைய விதி இருக்கிறது: கம்பெனி கேட்காவிட்டாலும், அவர்கள் முடிவை மாற்றக்கூடியது எதுவோ அதை நாமே சொல்லியாக வேண்டும். கார் இன்சூரன்ஸ் பழக்கத்தில் வருகிறவர்களுக்கு இது புரிவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. எல்சா விஷயத்தை நான் முதல் பத்தியிலேயே எழுதினேன், எங்கே தவறினோம், அதற்குப் பின் எதை மாற்றினோம் என்பதோடு. அந்தப் பத்திதான் தனக்கு நம்பிக்கை தந்தது என்று, எங்களுக்காகக் கம்பெனிகளிடம் விலை கேட்ட புரோக்கர் பின்னால் சொன்னார்.

புரோக்கரை எப்படிப் பிடிப்பது? நீங்கள் படகை விடப்போகும் யார்டின் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அங்கே நிற்கும் ஒவ்வொரு படகின் பாலிசி நகலும் அவர்களிடம் இருக்கும். எந்தக் கம்பெனி புயலுக்குப் பின் ஆள் அனுப்பியது, எது இழுத்தடித்தது என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. இணையத்தில் தேடிக் கிடைக்கும் விளம்பரங்களைவிட அந்த அரை மணி நேரப் பேச்சு எனக்கு உதவியது. இரண்டு புரோக்கர் போதும். லண்டன் லாயிட்ஸ் என்பது ஒரே கம்பெனி இல்லை, பல குழுக்கள் கூடிக் காப்பு விற்கும் சந்தை. இரண்டு மூன்று புரோக்கர்கள் ஒரே படகை அதே மேசைக்குக் கொண்டுபோனால் குழப்பம்தான் வரும். யார் யாரிடம் கேட்கப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுப் பிரித்துவிடுங்கள். பணத்தை உண்மையில் தரப்போகும் கம்பெனி எது, இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பண பலத்தை மதிப்பிடும் ஏ.எம். பெஸ்ட் அதற்குத் தந்த தரக்குறியீடு என்ன, வழக்கு வந்தால் எந்த நாட்டுச் சட்டம், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

எந்த நாட்டுச் சட்டம் என்பது வெறும் சம்பிரதாய வரி இல்லை. 2019-ல் ஃப்ளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேல் அருகே ஒரு படகு தரைதட்டியது. தீயணைப்பான்களை உரிய காலத்தில் சோதித்துச் சான்று வாங்கவில்லை, ஆகவே பாலிசி ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்றது கம்பெனி. தரைதட்டியதற்கும் தீக்கும் சம்பந்தமே இல்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. பாலிசியில் எந்த மாநிலச் சட்டம் என்று எழுதியிருக்கிறதோ அதையே பொதுவாகப் பின்பற்ற வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. இங்கிலாந்தில் 2015-ல் கொண்டுவந்த சட்டம் வேறு மாதிரி: மீறிய நிபந்தனை அந்த நஷ்டத்துக்கு வாய்ப்பைக் கூட்டியிருக்க முடியாது என்று காட்டினால், அதைச் சாக்காக வைத்துக் கம்பெனி மறுக்க முடியாது. ஒரே தவறு, இரண்டு சட்டம், இரண்டு முடிவு. எங்கள் படகில் தீயணைப்பான், உயிர்காப்புத் தெப்பம், எச்சரிக்கை வெடி மூன்றின் காலாவதித் தேதியும் என் போன் நாட்காட்டியில் அறுபது நாள் முன்னதாகவே ஒலிக்கும்.

இனி விலை வந்த பிறகு படிக்க வேண்டியவை. எங்கள் படகுக்கு நாங்கள் சொன்ன மதிப்பு 80,000 அமெரிக்க டாலர். வந்த மூன்று விலைகள் வருடத்துக்கு 1,500, 2,300, 3,400. எண்ணை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் கண்ணில் படும். அதில், படகு முழுதாகப் போனால் அன்றைய சந்தை விலையைத் தருவோம் என்று இருந்தது. ஒரு பெரும் புயலுக்குப் பிறகு இருபத்தெட்டு வயதுப் படகின் சந்தை விலை என்ன என்பதை யார் சொல்வது? மற்ற இரண்டிலும் ஒப்புக்கொண்ட மதிப்பு: 80,000 என்று இரு தரப்பும் எழுதிவிட்டால் அதுதான். முழு நஷ்டத்துக்கு இதை மட்டும் வாங்குங்கள்.

அடுத்தது டிடக்டிபிள், அதாவது நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. இது சாதாரண விபத்துக்கு ஒன்று, பெயரிட்ட புயலுக்கு வேறொன்று. எங்கள் பாலிசியில் முதலாவது இரண்டு சதவீதம், இரண்டாவது பத்து சதவீதம். சதவீதம் எதன் மேல்? நஷ்டத்தின் மேல் இல்லை, படகின் முழு மதிப்பின் மேல். புயலில் 9,000 டாலருக்குச் சேதம் என்றால், 80,000-ல் பத்து சதவீதம் 8,000 போக, கைக்கு வருவது ஆயிரம். 7,000-க்குச் சேதம் என்றால் ஒன்றும் இல்லை. இன்னொன்று, "பெயரிட்ட புயல்" என்றால் ஹரிக்கேன் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். காற்று 34 நாட் (மணிக்கு 34 கடல் மைல்) தொட்டதும் மயாமியிலுள்ள தேசிய ஹரிக்கேன் மையம் பெயர் வைத்துவிடும். 64 நாட் தொட்டால்தான் ஹரிக்கேன். அந்த இடைப்பட்ட சின்னப் புயலில் கிழிந்த பாய்க்கும் பெரிய டிடக்டிபிள்தான். ஆகவே புயல் காப்பு என்பது படகு முழுதாகப் போகும் நாளுக்கானது என்று வைத்துக்கொண்டு, அதற்குக் குறைந்த சேதத்துக்கு நீங்களே ஒரு தொகை ஒதுக்கி வையுங்கள். நாங்கள் 8,000 டாலரைத் தனிக் கணக்கில் வைத்திருக்கிறோம், தொடுவதில்லை.

உடைந்த படகை அப்புறப்படுத்தும் செலவு என்ற வரியைத் தேடுங்கள். மூழ்கிய படகைத் துறைமுக அதிகாரி எடுக்கச் சொன்னால் எடுத்தாக வேண்டும். பாறைமேல் கிடக்கும் நாற்பதடிப் படகை எடுக்கும் செலவு படகின் மதிப்பையே எட்டிவிடலாம். அந்தத் தொகை படகின் 80,000-லிருந்து கழியுமா, தனியா? தனியாக இருக்கும் பாலிசிக்காகத்தான் நாங்கள் 2,300 கட்டினோம். முழுக் காப்பு கிடைக்காத பழைய படகுக்காரர்களும் இதையும் மூன்றாம் தரப்புக் காப்பையும் மட்டுமாவது வாங்கிவிட வேண்டும். பெரும்பாலான மெரினாக்களும் யார்டுகளும் அதில்லாமல் இடம் தருவதில்லை. பெக்கியாவில் எங்கள் மேல் மோதியவரிடம் அது இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

கடைசியாகப் புயல் திட்டம். கம்பெனி ஒரு படிவம் அனுப்பும்; நிரப்பி அனுப்பியதும் அது பாலிசியின் ஒரு பகுதி ஆகிவிடும். இதை விண்ணப்பத்தில் ஒரு சடங்குபோல நிரப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கும். "எல்லாப் பாய்களும் கழற்றப்படும்" என்று எழுதிவிட்டு, முன்பாயைச் சுருட்டிய நிலையிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறினால், அது பொய்யான வாக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்கு. சுருட்டிய பாய் பிரிந்துவிட்டால் பாய்மரத்தையே கீழே கொண்டுவந்துவிடும், பக்கத்துப் படகையும் சேர்த்து. செய்வதை மட்டும் எழுதுங்கள், எழுதியதை முழுதாகச் செய்யுங்கள்.

எங்கள் திட்டம் ஒன்றரைப் பக்கம். முட்டுக்கால்கள் பக்கத்துக்கு நான்கு, எதிரெதிர்க் கால்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டவை. ஒவ்வொரு காலின் அடியிலும் கெட்டியான பலகை, ஏனென்றால் ஒரு வாரம் மழை பெய்தால் மண் குழைந்து கால் புதையும், படகு சாயும். தரையில் புதைத்த கொக்கிகளோடு நான்கு நைலான் பட்டைகள். பாய்கள், வெயில் கூரை, சோலார் பேனல், ரப்பர் படகு எல்லாம் கழற்றி உள்ளே. தளத்தின் வடிகால்கள் சுத்தம். கரையில் நிற்கும் படகை மழைத் தண்ணீரே உள்ளே நிரம்பிக் கெடுக்கும். நாங்கள் ஊரில் இல்லாதபோது யார் பார்ப்பார், வாரத்துக்கு எத்தனை தடவை, அவர் எழுத்தில் தந்த ஒப்புதல். தண்ணீரில் விடுகிறவர்கள் கயிற்றின் தடிமன், எத்தனை கயிறு, உராயும் இடத்தில் எதைச் சுற்றுவீர்கள் என்றுகூட எழுத வேண்டும். எங்கள் நண்பர் ஒருவர் பழைய தீயணைப்புக் குழாயை வெட்டிக் கயிற்றில் கோத்துவிடுவார். தேய்வுக்கு அதைவிட நல்லது எதையும் நான் பார்க்கவில்லை.

அந்த நண்பர் பெரில் வந்தபோது டைரல் பேயில் இருந்தார். முந்தின நாள் மாலை கண்டல் வேர்களில் கட்டிய ஒவ்வொரு கயிற்றையும், வெறுமையான பாய்மரத்தையும், இரண்டு நங்கூரச் சங்கிலியையும் தேதியோடு படமெடுத்தார். முப்பத்தொரு படம். எல்லாவற்றையும் புரோக்கருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, பையோடு கரையேறித் தேவாலயக் கட்டடத்தில் தங்கினார். மறுநாள் மதியம் போனால் படகு கவிழ்ந்து, மேலே இன்னொரு படகு கிடந்தது. கம்ப்யூட்டர், ரசீதுகள், பதிவேடு எல்லாம் தண்ணீரில். ஆனால் அந்த மின்னஞ்சல் லண்டனில் இருந்தது. திட்டத்தில் எழுதியதும் படத்தில் இருப்பதும் ஒன்றுதான் என்று ஆய்வாளர் பார்த்துக்கொண்டார், மூன்று மாதத்தில் முழுத் தொகை வந்தது. பணம் வருவதற்கு முன் நண்பர் செய்த இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். பாய்மரக் கப்பிகள், கயிறு இழுக்கும் விஞ்சுகள் என்று மிஞ்சியதையெல்லாம் அவரே கழற்றி நல்ல தண்ணீரில் கழுவிப் பத்திரப்படுத்தினார். மேலும் கெடாமல் காப்பாற்றுவது நம் கடமை. அதற்கான நியாயமான செலவைப் பாலிசி தரும். கைவிட்டுப் போய்விட்டால் அதையே காரணம் காட்டுவார்கள்.

காலக் கணக்கு ஒன்று மிச்சம். புயல் ஒன்று பெயரோடு கிளம்பிவிட்டால் அந்தப் பக்கத்துக்கு யாரும் புதுப் பாலிசி எழுத மாட்டார்கள், இருக்கும் பாலிசியில் மாற்றமும் செய்ய மாட்டார்கள். ஜூனில் தேடத் தொடங்குவது தாமதம். ஜனவரியில் சர்வேயருக்குச் சொல்லுங்கள், பிப்ரவரியில் பழுது பாருங்கள், மார்ச்சில் புரோக்கருக்கு எல்லாக் காகிதமும் ஒரே கட்டாகப் போய்ச் சேரட்டும். கோட்டுக்குத் தெற்கே போக வேண்டிய தேதிக்கு ஒரு மாதம் முன்னதாக உங்கள் தேதியை வையுங்கள். உதிரிப் பாகம் வராவிட்டாலும், இன்ஜின் இல்லாமல் பாய் விரித்தாவது கிளம்ப அந்த ஒரு மாதம் இடம் தரும். எப்படியும் தாமதமாகிறது என்றால் தேதி கடக்கும் முன்பே புரோக்கருக்கு எழுதுங்கள். கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் நீட்டித்துத் தருவதுண்டு. 2021-ல் நான் அந்தக் கடிதத்தை எழுதவில்லை.

இந்த வருடம் சகுவாராமஸ் யார்டில் மே 20-க்குப் படகைத் தூக்க இடம் பிடித்துவிட்டேன். புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் முதல் பக்கமாக வைத்தது யார்டு அனுப்பிய அந்த உறுதிக் கடிதத்தைத்தான்.